உதடு உண்டு, வாய் இல்லை

என் கணவருக்குக் கவிதை எழுதும் பழக்கம் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு இரத்தக் கொதிப்பு, இவருக்குக் கவிதை. மாத்திரை கிடையாது என்பதுதான் வித்தியாசம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, காதில் அழுத்தாமல் சட்டத்தை வளைத்துக் கொடுப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து கண்களைப் பற்றி எழுதுவார். பார்க்கப்போனால் அவருக்குத் தொழில்முறை உரிமை இருக்கிறது.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு என் அறை வாசலில் நின்று அழுகிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் நான் 'மைக் அக்கா'. ஓய்வுபெறப் போகும் ஓட்டுநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கண்ணாடிக் கடை நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. திருமணத்துக்கு முன்னால், தினமும் என் குரலைக் கேட்டுக் கேட்டு, அது யாருடையது என்று பார்க்க ஒருநாள் சாலையைத் தாண்டி வந்தார். பார்த்துவிட்டுப் போய் எழுதிய முதல் கவிதையில் என் கண் இருந்தது, நெற்றி இருந்தது, கழுத்திலுள்ள மச்சம்கூட இருந்தது. குரலைக் காணோம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கழுத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தவருக்கு அதற்குள் இருந்தது மட்டும் எப்படி மறந்துபோகும்?

அவருடைய கவிதைகள் எல்லாவற்றிலும் ஒரு பெண் வருகிறாள். அது நான்தான் என்று ஊரே சொல்கிறது. அவள் எப்போதும் ஜன்னலோரம் நிற்பாள், இல்லாவிட்டால் தூங்குவாள். நிலா வெளிச்சம் அவள்மேல் விழுந்தே தீர வேண்டும். கூந்தல் உண்டு, சிக்கு கிடையாது. பாதம் உண்டு, வெடிப்பு கிடையாது. அவள் சாப்பிட மாட்டாள், தும்ம மாட்டாள், தண்ணீர் வரவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டை போட மாட்டாள். உதடு உண்டு. பூ, தேன், பனித்துளி எல்லாம் அதில் இருக்கும். வாய் மட்டும் இல்லை. இவள் ஏன் எதுவுமே பேசமாட்டேன் என்கிறாள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். பேசினால் கவிதை கெட்டுப்போகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய நண்பர்கள் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு பெண் வைத்திருந்தார்கள், கவிதையில். ஒருவருடையவள் நதி. இன்னொருவருடையவள் மான். சிற்றிதழ் நடத்தும் தாடிக்காரருடையவள் இளவயதிலேயே செத்துப்போனவள்; அவளுடைய கல்லறையில் அவர் வருடக்கணக்காகப் பூ வைத்துக்கொண்டிருந்தார். தாடிக்காரரின் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நான் காப்பி கொண்டுபோய் வைக்கும்போது சும்மா இருக்க மாட்டேன். போன வாரம் வானம் முழுக்க மேகமாச்சே, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து பௌர்ணமி வந்தது என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர் மட்டும் சிரித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது என் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்தேன், ஆவி பிடித்தேன், மிளகு மென்றேன். கரகரப்பு போகவில்லை. தொண்டை மருத்துவர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது என்றார். அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். என் தங்கை தன் மகளுடைய சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுதிவிட்டு மேல்தாளைத் தூக்கினால் எல்லாம் அழிந்துவிடுமே, அந்த மாதிரி.

முடிவு வந்த அன்று, நீ எதற்கு அலைய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார். நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றார். கட்டி ஒன்றும் மோசமானது இல்லை, ஆனால் இன்னும் சில காலம் பேசாமல் இருக்க வேண்டுமாம் என்றார். எவ்வளவு காலம் என்று சிலேட்டில் எழுதினேன். மருத்துவரே சொல்வார் என்றார். அடுத்து எப்போது போக வேண்டும் என்று எழுதினேன். மருத்துவர் வெளியூர் போகிறார், வந்ததும் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டுத் தாளைத் தூக்கினார். என் கேள்வி அழிந்துபோயிற்று.

மோசமானது இல்லையென்றால் ஏன் கண் சிவந்திருக்கிறது? இது என் முதல் சந்தேகம்.

எங்கள் குடும்பத்தில் நோயாளிக்குத்தான் செய்தி கடைசியில் போய்ச் சேரும். என் அம்மாவுக்கு நோய் முற்றிப்போனபோது அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் 'சும்மா வாயுத் தொல்லைதான்' என்போம், சமையலறைக்குப் போய் அழுவோம். திடீரென்று ஒருநாள் அப்பா அம்மாவுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். கத்தியைக் கையால் தொட்டறியாத மனிதர். யாரும் சொல்லாததை அம்மா அந்தத் தட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் எதுவுமே கேட்கவில்லை.

என் கணவர் ஆப்பிள் நறுக்க ஆரம்பித்தார்.

காலையில் காப்பி போட்டுக் கொடுத்தார். என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிவைத்தார். நான் உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடிச் சட்டம் மாட்டிப் பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை இது. ஒருநாள் பகல் தூக்கத்திலிருந்து விழித்தபோது பக்கத்தில் நின்று என் மார்பு ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் கண் திறந்ததும் மெதுவாக நகர்ந்துபோய்விட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டபோது பின்கட்டுக்குப் போய்ப் பேசினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் வாயை மூடிவைத்தவளுக்குக் காதையாவது திறந்துவைக்க உரிமை உண்டு. "அவகிட்ட எதுவும் கேக்காதே. இப்போதைக்கு வரவும் வேண்டாம். அவளால தாங்க முடியாது" என்றார். பேசி முடித்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குள் அவர் கவிதைகள் பெருக்கெடுத்து ஓட ஆரம்பித்திருந்தன. மாதத்துக்கு ஒன்று வருவதே பெரும்பாடாக இருந்தவருக்கு நாளுக்கு ஒன்று வந்தது. தாடிக்காரர் தன் இதழில் அடுத்தடுத்துப் போட்டார். முதலில் வந்தவற்றில் அவள் மௌனமாக இருந்தாள். அடுத்து வந்தவற்றில் வெளுத்துப்போனாள். பிறகு எண்ணெய் வற்றும் விளக்கானாள். நான் உட்காரும் அதே நாற்காலி, நான் பார்க்கும் அதே தெரு. ஒரு கவிதையில் அவள் விரல் ஜில்லிட்டிருந்தது. படித்துவிட்டு என் விரலை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தபோது கூடத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் காப்பி வைத்தேன். பௌர்ணமியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்க முடியாதே. தாடிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணி இப்பதான் கவிதைக்குள்ள வந்திருக்காங்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததே இல்லை. எனக்கென்னவோ என் படத்துக்கு மாலை போட ஆணி தேடுகிறார்கள் என்று தோன்றியது.

சந்தேகம் இப்போது உறுதியாகிவிட்டது. நான் போகப்போகிறேன். அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்ல முடியாமல் கவிதையில் அழுகிறார். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அப்போது வந்தது எரிச்சல் இல்லை, இரக்கம். இந்த மனிதர் இவ்வளவு பெரிய பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமக்கிறாரே என்று அவருக்காக வருந்தினேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் உடைந்துவிடுவார். அதனால் தெரியாதது மாதிரி நடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவருக்குப் பிடித்திருந்தது, உட்கார்ந்தேன். கூந்தலை அவிழ்த்துவிட்டால் பிடித்திருந்தது, வேர்வையில் கழுத்தெல்லாம் அரித்தாலும் அவிழ்த்துவிட்டேன். குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதேன். சத்தம் வந்தால் தொண்டைக்கு ஆகாதே.

நான் இல்லாமல் இவர் எப்படிச் சமாளிப்பார் என்ற கவலை வந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. அதனால் சிலேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன். குளிர்காலப் போர்வை எந்தப் பெட்டியில் இருக்கிறது, மாடிக் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும், அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்றெல்லாம். அவர் முதல் வரியைப் படிப்பார், பரிவோடு சிரிப்பார், தாளைத் தூக்கிவிடுவார். போர்வையும் குழாயும் மருந்தும் அழிந்துபோகும். ஒரு மனைவி திடீரென்று ஏன் இதையெல்லாம் எழுதிக் காட்டுகிறாள் என்று அந்த மனிதர் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நிலைய மேற்பார்வையாளர் கைபேசியில் செய்தி அனுப்பினார். அறிவிப்புக்குப் பதிவுசெய்த குரலைப் போடும் இயந்திரம் ஒன்றைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்களாம். வரும் திங்கட்கிழமைக்குள் நான் வேலைக்குத் திரும்பாவிட்டால் அதையே நிரந்தரமாக்கிவிடுவார்களாம். மேலிடத்து உத்தரவு, என் கையில் ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள்ளம்மா என்று முடித்திருந்தார்.

அதைக் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உயிரைவிட வேலையா பெரிசு?" என்றார்.

உயிர் எங்கிருந்து வந்தது? வேலையைப் பற்றித்தானே காட்டினேன்? அன்று இரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சாவதானால் சாகிறேன், ஆனால் இன்னும் எவ்வளவு நாள் என்று தெரியவேண்டும். ஒரு வாரம்தான் என்றாலும் அந்த ஒரு வாரத்தையும் மைக் முன்னால் பேசித் தீர்த்துவிட்டுப் போவேன், ஜன்னலோரம் உட்கார்ந்து வீணாக்க மாட்டேன். அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு சிலேட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும் வேறு யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று நினைப்பு.

மருத்துவர் இருந்தார். அவர் எங்கும் போகவே இல்லை என்பது வாசலில் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. சரி, வெளியூர்ப் பயணம் நின்றுபோயிருக்கும் என்று அப்போதும் என் கணவருக்காக நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்து சிலேட்டை நீட்டினேன். வெளியே காத்திருந்தபோதே எழுதிவைத்திருந்தேன்: 'மறைக்க வேண்டாம். எனக்கு இன்னும் எத்தனை நாள்?'

மருத்துவர் அம்மா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எதுக்கு எத்தனை நாள்?" என்றார். "அது இருக்கட்டும், ஏன் எழுதிக் காட்டறீங்க? பேசுங்க."

நான் கையை ஆட்டி, பேசக்கூடாதே என்று சைகை காட்டினேன்.

"யார் சொன்னது?"

நான் அவரையே சுட்டிக் காட்டினேன்.

அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டி வெறும் சதை வளர்ச்சி, கத்திக் கத்தி வேலை செய்கிறவர்களுக்கு வருவது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சோதனை முடிவு வந்த அன்றே என் கணவரிடம் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்தே மெல்லப் பேச ஆரம்பிக்கலாம், பயிற்சிக்கு அழைத்துவாருங்கள் என்று தேதியும் கொடுத்தாராம். நீங்கள் வராததைப் பார்த்து, வேறு இடத்துக்குப் போய்விட்டீர்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். "உங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண் கலங்கினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அதை உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

சொல்லவில்லை. ஆக, அந்தச் சிவந்த கண்கள் உண்மை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம்தான் பொய்.

மருத்துவர் 'ஆ' சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் முகம் மாறியது. இவ்வளவு காலம் சும்மா போட்டுவைத்ததும் நல்லதில்லை, பழைய குரல் முழுசாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பேசப் பேசத்தான் வரும் என்றார். பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார்.

தெருவுக்கு வந்து தங்கையைக் கூப்பிட்டேன். 'நான்தான்டி' என்றேன். "யாருங்க பேசறது?" என்று கேட்டாள் என் கூடப்பிறந்தவள். நடைபாதையில் நின்றுகொண்டு மூன்று முறை சொல்லிப் புரியவைத்தேன். பிறகு அவள் ஓவென்று அழுதாள். அக்கா ஒரு வார்த்தை பேசினாலும் ஆபத்து, உன்னைப் பார்த்தால் பேசாமல் இருக்கமாட்டாள், அதனால் வராதே என்று அத்தான்தான் சொன்னார் என்றாள். அழுகையை அவளுக்கு விட்டுவிட்டு நான் வீட்டுக்கு நடந்தேன். சாகப்போவதில்லை என்று தெரிந்த ஒருத்தி மகிழ்ச்சியாக நடக்க வேண்டும். நான் கோபமாக நடந்தேன்.

ஆனால் அவசரப்படவில்லை. சந்தேகத்தோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், அதை ஒழுங்காக விசாரித்துத்தானே முடிக்க வேண்டும்? மாலையில் அவர் வந்தபோது வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கூந்தலையும் அவிழ்த்துவிட்டிருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

சிலேட்டை எடுத்து, மருத்துவர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று எழுதினேன். இன்னும் இல்லை, மாதக் கடைசி ஆகிவிடுமாம், இன்றுதான் விசாரித்தேன் என்றார். இன்றுதான். தாளைத் தூக்கினார்.

வேறு மருத்துவரைப் பார்க்கலாமா என்று எழுதினேன். கையை மாற்றினால் குழப்பம்தான் என்றார். தாளைத் தூக்கினார்.

பயமாக இருக்கிறது என்று எழுதினேன். இதற்காவது சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால், ஒருவேளை, நான் மன்னித்திருப்பேன். அவர் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "எவ்வளவு அழகா எழுதறே" என்றார். தாளைத் தூக்கினார்.

பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து, புதுக் கவிதை ஒன்றை வாசித்துக் காட்டினார். தாடிக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறாராம். வெளியீட்டு விழாவில் நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம், சும்மா உட்கார்ந்தால் போதுமாம். கவிதையில் ஜன்னல் இருந்தது, நாற்காலி இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. வெளியே மழை. ஒரு வெள்ளைத் துணி. அவள் கடைசியாகச் சொல்லாமல் விட்ட சொல்லைத் தேடி அவன் வீடெல்லாம் அலைகிறான். வாசித்து முடித்துவிட்டு என் கண்ணில் நீர் வருகிறதா என்று பார்த்தார்.

"நான் எப்பங்க செத்தேன்?" என்றேன்.

அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் அவர் செய்த முதல் காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விரலை உதட்டில் வைத்தார். "உஷ். பேசாதே" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. விரல் உதட்டிலேயே நின்றது. டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், ஊரில்தான் இருக்கிறார் என்றேன். அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நல்ல செய்தியோடுதான் அன்று ஓடிவந்தாராம். கதவைத் திறந்தபோது நான் ஜன்னலோரத்திலிருந்து திரும்பி, எதுவும் கேட்காமல் பார்த்தேனாம். அந்தப் பார்வையில் ஒரு கவிதை முழுதாக நின்றதாம். அதை எழுதிவிட்டுக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். காலையில் இன்னொன்று வந்துவிட்டதாம்.

"நீ பேசாம இருந்தப்பதான் உன்னை முழுசாப் பார்க்க முடிஞ்சுது" என்றார். "இத்தனை வருஷத்துல இப்பதான் உன்னை இவ்வளவு நேசிச்சேன். நிஜமாச் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு எவளாவது இருந்திருந்தால் கூப்பிட்டு வைத்துச் சண்டை போட்டிருப்பேன். நோய் என்றால் படுத்திருப்பேன். இவர் என்னைத்தான் நேசித்தார், நான் இல்லாத என்னை.

"நான் சாகப்போறேன்னு நினைச்சேங்க" என்றேன். குரல் பாதியில் உடைந்து உடைந்து வந்தது. "உங்களால அதைத் தாங்க முடியாதேன்னு, எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சேன். போர்வை எங்கே இருக்குன்னு எழுதிக் காட்டினேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், உங்களுக்குக் கேட்டுடக் கூடாதேன்னு."

அவர் முகம் சுருங்கியது. கண்கள் நிரம்பின. நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். ஒரு நிமிடம் இளகிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கையை நீட்டப்போனேன். அதற்குள் அவருடைய வலது கை மேசைமேல் தடவிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்தான் தேடியது என்று நினைக்கிறேன்.

நான் எழுந்துபோய்க் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் சமையல் மேடையில் ஒரு தட்டு நிறைய ஆப்பிள் நறுக்கி வைத்திருந்தார். தொடாமல் கிளம்பினேன். ஞாயிறு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்திருந்தேன். அவர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாவம், ஒரு வரிகூட எழுத முடிந்திருக்காது.

நிலையத்தில் அந்த இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண்ணின் குரல். இனிமையான குரல், ஒரே சீராக, மூச்சு வாங்காமல், தொண்டை கட்டாமல். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா, அவளுக்கு இது பிடித்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மேற்பார்வையாளர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வணக்கம் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"குரல் முன்ன மாதிரி இல்லையேம்மா" என்றார்.

"முன்ன மாதிரி வராது. சொல்றது புரியுதா?"

"புரியுது."

"அப்புறம் என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். ஒரே ஒரு அறிவிப்பு சொல்லிப் பார், மேலிடத்துக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றபடி இயந்திரத்தை நிறுத்தினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். பேருந்து நிலையமே ஒரு நொடி அமைதியானது போல இருந்தது. வெறும் பிரமையாகவும் இருக்கலாம்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றேன். 'கவனத்திற்கு' நடுவில் குரல் கிழிந்தது. நிறுத்தவில்லை. ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். கூட்டம் இரண்டாவது நடைமேடைக்கு நகர்ந்தது. மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். ஓய்வுபெறப் போகும் அந்த ஓட்டுநர் வண்டியிலிருந்து தலையை வெளியே நீட்டி மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு என் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை குழாயைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

மேற்பார்வையாளர் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினார்.

என் மேசையிலிருந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கடை தெரியும். அடுத்த வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைக்குள்ளிருந்து அவர் வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தது. வாடிக்கையாளருடைய சட்டம் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒலிபெருக்கி இருக்கும் திசையைப் பார்த்தார். முன்பு ஒருநாள் இப்படித்தான் நின்று கேட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி வந்தார். இன்றும் வருவாரோ என்று, என் மானங்கெட்ட மனசு, ஒரு கணம் எதிர்பார்த்தது.

அவர் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு அடுத்த வண்டியைச் சொன்னேன்.